மூணாஞ்சுனை இருக்கிறது

என் அன்பு மூணாஞ்சுனைக்காரருக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நலம் விசாரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்குப் போய்வந்தேன். நான்தான். மாடியில் துணி காயப்போடவே முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவள்தான். நம் கரண்டையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டிரான்ஸ்ஃபார்மர் அடியில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து, வயர்மேன் வீட்டு நாய்க்கு இதைவிட நல்ல பேர் உண்டா என்று 'கரண்ட்' என்று பேர் வைத்தீர்களே, இப்போது அதற்குப் பத்து வயது. முகமெல்லாம் நரைத்துவிட்டது. நீங்கள் இருந்தவரை ஞாயிறு தவறாமல் உங்களோடு மலை ஏறியது, நீங்கள் போனபின் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் செருப்பு கிடந்த இடத்தில்தான் படுக்கிறது. செருப்பை நான் இன்னும் எடுக்கவில்லை.

ஏன் திடீரென்று மலை என்று கேட்பீர்கள். போன மாதம் ரேஷன் கடையில் வரிசையில் நின்றேன். உங்கள் பேரை நீக்கிய பிறகு வந்த கார்டு கையில் இருந்தது. "பாமாயில் நாளைக்கு வந்துடும்" என்றார் கடைக்காரர். பின்னாலிருந்து ஒருத்தி, "இன்னா, மூணாஞ்சொனை கதயா?" என்றாள். வரிசையே சிரித்தது. அவளுக்கு உங்களைத் தெரியாது, புதிதாகக் குடிவந்தவள். உங்கள் பேர் கார்டிலிருந்து போய்விட்டது, உங்களைப் பற்றிய கேலி மட்டும் ஊரில் தங்கிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தக் கேலியைக் கிளப்பியதே நான்தானே! அந்த மலையில் ரெண்டு சுனைதான், பாறைக்குழியில் மழைத்தண்ணீர் நிற்கிற ரெண்டு குளம், என்று ஊருக்கே தெரியும். நீங்கள் ஒருத்தர்தான் மூணாவது ஒன்று இருக்கிறது, அல்லி பூக்கும், கோடையிலும் வற்றாது என்று அளந்துகொண்டிருந்தீர்கள். குழாயடியில் ஒருநாள் வாய்த்துடுக்காகச் சொன்னேன், "எங்க வூட்டுக்காரரு எது சொன்னாலும் அது மூணாஞ்சொனை கததான்" என்று. ரெண்டே நாளில் டீக்கடை வரை போய்விட்டது. செஞ்சியில் எவன் புளுகினாலும் அதற்குப் பேர் மூணாஞ்சுனை.

முன்னெல்லாம் "வா வசந்தா, வந்து உன் கண்ணால பாரு" என்று ஞாயிறுதோறும் கூப்பிடுவீர்கள். ஒரு கட்டத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள். என் கேலி உங்களைச் சுட்டுவிட்டது என்று நினைத்தேன். ஏன் என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. நீங்கள் போன பிறகு பல நாள் அதை நினைத்தே அழுதிருக்கிறேன்.

அந்தச் சுனையைத் தேடிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று எதிர்வீட்டு பாக்கியத்தைக் கூப்பிட்டேன். சிரிக்காதீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால், 'ப. வசந்தா' என்று பேர் வெட்டின என் தாய்வீட்டுச் சீர்ச்சொம்பு காணாமல் போனபோது, அதைப் பாக்கியம்தான் எடுத்துவிட்டாள் என்று குழாயடியில் நின்று தெரு கூடும்படி கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. நீங்கள் கண்ணை மூடிய அன்று முதல் ஆளாக ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டவள் அவள்தான். அதன்பின் பேசுகிறோம். சொம்பைப் பற்றி மட்டும் ரெண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை.

விடியற்காலையில் கிளம்பினோம். புளிசாதம், தண்ணீர் பாட்டில், கரண்டுக்கு பிஸ்கட். முதல் சுனைக்கு ஏறுவதற்குள் நான் ஏழு தடவை உட்கார்ந்தேன், பாக்கியம் எட்டு தடவை. சீத்தாச் செடிகளுக்கு நடுவே குரங்குகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. மழை பெய்து ஓய்ந்த நேரம் என்பதால் ரெண்டாவது சுனை நிரம்பி நின்றது. கரண்ட் வயிறு முட்டக் குடித்துவிட்டு, நிழலாகப் பார்த்துப் படுத்துவிட்டது. அதற்கு மேலே வழியே இல்லை. ஒவ்வொன்றும் வீடு அளவுக்குப் பாறைகள்தான். இனி வழி தெரிந்தது கரண்டுக்கு மட்டும்தான்.

தட்டினேன், பிஸ்கட்டைக் காட்டினேன், கெஞ்சினேன். அசையவில்லை.

பாக்கியம் என் தோளில் கை வைத்தாள். "போலாம் வசந்தா. ரெண்டு சொனயப் பாத்தமே, போதாதா? பாவம், நாயிக்கு வயசாயிடுச்சி."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்த நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே புளுகித்தான் இருந்தீர்களோ? அப்போதுதான் ஞாபகம் வந்தது. கம்பத்தில் ஏறுமுன், லைனில் கரண்ட் நிறுத்தியாயிற்று என்று சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்காமல் நீங்கள் கையே வைக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று கரண்டை மலைக்குக் கூப்பிடும்போதும் அதே பாட்டுத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு உங்கள் குரலிலேயே கத்தினேன்.

"எல்.சி. வாங்கியாச்சி! ஏறுடா!"

கரண்ட் துள்ளி எழுந்தது. என்னைப் பார்த்தது, என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது. அப்புறம் வாலைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பாறைக்கு நடுவே இருந்த பொந்துக்குள் நுழைந்தது. எத்தனை ஆடு மேய்ப்பவர்கள் அந்தப் பொந்தைத் தாண்டிப் போயிருப்பார்கள்!

"நா வரமாட்டன்மா. உள்ள பாம்பு கீம்பு இருந்தா இன்னா பண்றது?" என்றாள் பாக்கியம். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தவழ்ந்தேன். வயிறு உரசியது, முழங்கை சிராய்த்தது. மறுபக்கம் எழுந்து நின்றேன்.

இருந்தது. நீங்கள் சொன்னது சொன்னபடி இருந்தது. கறுத்த பாறைக்கு நடுவே தெளிந்த தண்ணீர், அதில் வெள்ளை அல்லி. எதிரே ராஜகிரிக் கோட்டை வெயிலில் நின்றது. "இருக்குதுடி பாக்கியம்! இருக்குது!" என்று நான் போட்ட கூச்சலில் பாம்பையெல்லாம் மறந்து அவளும் தவழ்ந்து வந்துவிட்டாள்.

கரண்ட் ஒரு பாறை இடுக்கில் தலையை விட்டு எதையோ உருட்டியது. உருண்டு வந்தது என் சொம்பு. மேலே 'ப. வசந்தா'.

நாங்கள் ரெண்டு பேரும் சொம்பைப் பார்த்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அடப்பாவி மனுஷா! நாய்க்குத் தண்ணீர் மொள்ள என் சீர்ச்சொம்பை எடுத்துவந்து இங்கே ஒளித்துவிட்டு, நான் தெருவில் சண்டை போட்டபோது பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே! அதற்கப்புறம்தானே கூப்பிடுவதை நிறுத்தினீர்கள்? வந்தால் சொம்பைப் பார்த்துவிடுவேன் என்றுதானே? என் கேலியால் இல்லையே? எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கினது மாதிரி இருந்தது.

பாக்கியம் பாறையில் உட்கார்ந்து அழுதாள், அப்புறம் சிரித்தாள். "ஆறு வருசம், வசந்தா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சொம்பிலேயே மொண்டு முதலில் கரண்டுக்கு ஊற்றினேன். அப்புறம் அவள் முகம் கழுவினாள், நான் கழுவினேன்.

இறங்கியதும் நேராகக் குழாயடிக்குப் போனேன். அன்றைக்குக் கத்திய அதே இடத்தில், அதே சத்தத்தில் கத்தினேன். "எல்லாரும் கேட்டுக்குங்க! சொம்ப பாக்கியம் எடுக்கல! எம்புருசந்தான் எடுத்தாரு! மூணாஞ்சொன இருக்குது!" போனில் எடுத்த படத்தைத் தெரு முழுக்கக் காட்டினாள் பாக்கியம். டீக்கடைக்குள்ளேயே போய் ஒவ்வொரு மேஜையாகக் காட்டிவிட்டு வந்தாள்.

நேற்று ரேஷன் கடைக்கு ரெண்டு பேரும் போனோம். கோதுமை வந்துவிட்டதாம். "நெசமாவா?" என்று அந்தப் புதுப்பெண் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் பாக்கியம் முந்திக்கொண்டாள். "மூணாஞ்சொன மாதிரி நெசம்மா!"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள்.

சொம்பை நான் கொண்டுவரவில்லை. இருந்த இடுக்கிலேயே தேய்த்துக் கழுவி வைத்துவிட்டேன். இந்த முட்டி உழைக்கும்வரை மாதம் ஒரு ஞாயிறு நானும் பாக்கியமும் கரண்டும் அங்கே போவோம். இது சத்தியம். இனி நீங்கள் கூப்பிடவே வேண்டாம். எல்.சி. நானே வாங்கிக்கொள்கிறேன்.

சொம்பைத் திருடினவரை மன்னித்துவிட்ட
உங்கள் பெண்டாட்டி,
வசந்தா