மேலே மஞ்சள், கீழே பச்சை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடிவது நின்றதா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள்.

இங்கே சதுப்பு நிலக் காப்பகத்தில் உள்ளூர்ப் பறவை, வலசைப் பறவை எல்லாவற்றையும் எண்ணுகிறோம். மறைவுக் குடிலுக்குள் தும்மக்கூடக் கூடாது. நேற்றுக் காலை ஓர் உள்ளான் பறவையின் காலில் இரண்டு வளையங்களைப் பார்த்தேன். மேலே மஞ்சள், கீழே பச்சை. நம் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஏரியில் ஆராய்ச்சிக்காரர்கள் பறவைகளைப் பிடித்து மாட்டுகிற வளையங்களின் நிறங்கள் அவை. என்னை மறந்து, "சார், இது எங்க ஏரி" என்று கத்திவிட்டேன். மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்தது. எண்ணூறு வரை எண்ணியிருந்த அதிகாரி பைனாகுலரை இறக்கினார்.

"ஏம்பா, சொந்தக்காரங்களப் பாத்துட்டியா?"

"ஆமா சார்."

சிரித்துவிட்டார். பிறகு ஒன்றிலிருந்து என்னையே எண்ண வைத்தார்.

அடுத்த மாதம் அந்த உள்ளான் நம் ஏரிக்குக் கிளம்பிவிடும். எனக்கு இந்த வருடமும் லீவு இல்லையாம். சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் பாருங்கள், வந்ததும் எழுதுங்கள். மெலிந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள், இங்கே நன்றாகத்தான் சாப்பிடுகிறது.

தபால் கொண்டுபோகும் படகு வந்துவிட்டது.

உங்கள் மகன்