மனை எந்தத் தெருவைப் பார்க்கிறது

ராய்ப்பூர் பக்கம்,
போர் போடும் ரிக் வண்டியிலிருந்து.

அன்புள்ள சுகன்யாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. துளை போடும் ராடு மாட்டும்போது கட்டைவிரல் கொஞ்சம் நசுங்கியது, கட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய். அதனால் எழுதுகிறேன். நம் காலிமனைக்கு வரி போட வந்த பில் கலெக்டரை, "சந்தெல்லாம் சேறுங்க, இப்படி வாங்க" என்று சேலம் ரோட்டிலிருந்து பக்கத்து மனை வழியாக அழைத்து வந்திருக்கிறாய். நீ மரியாதைக்குச் செய்தாய். அவரோ நம் மனை ரோட்டைப் பார்த்தது என்று எழுதிவிட்டார். மனை எந்தத் தெருவைப் பார்க்கிறதோ, அதை வைத்துத்தான் சதுர அடிக்கு வரி போடுவார்கள்; ரோட்டுக்கு அதிகம், சந்துக்குக் குறைவு. நம் மனைக்கு முகப்பு அந்தச் சந்துப் பக்கம்தான். பத்திரத்திலும் அப்படியே இருக்கிறது.

"போனாப் போவுது, கட்டிப்போடலாமுங்க" என்றாயே, அது மட்டும் கூடாது. இன்றைக்குக் கட்டினால் வருஷா வருஷம் அதே வரிதான். மனை உன் பேரில் இருக்கிறது. வரியைத் திருத்தச் சொல்லி ஒரு மனு எழுதி, பத்திர நகலோடு பேரூராட்சிச் செயல் அலுவலர் கையிலேயே கொடு. மறுபடி பார்க்க வந்தால், யாராக இருந்தாலும் சேற்றிலேயே நடத்திக் கூட்டி வா.

ஊரிலிருந்து இங்கே ரிக் வேலைக்கு வரும் ஆளிடம் கைமுறுக்கு கொடுத்தனுப்பு.

சந்திலிருந்து மனையைப் படமெடுத்து மனுவோடு வை. எனக்கும் ஒன்று அனுப்பு. அதில் நீயும் பாப்பாவும் நம் வாசற்படி வரப்போகிற இடத்தில் நில்லுங்கள்.

வண்டியைக் கிளப்புகிறார்கள்.

சந்திரசேகர்