எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் சமையலறைக் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, நின்றுகொண்டே சாப்பிட்டேன். ரொட்டி, முட்டை. வாசனை முன்னறைக்குப் போய்விடக் கூடாது. இவருக்கு நாக்கில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்லாம் வயிற்றுக் குழாய் வழியாகத்தான். பேச்சும் போய்விட்டது. சாப்பாடு என்றால் உயிரை விடுகிற மனுஷன். அவர் கண்ணெதிரே உட்கார்ந்து நான் எப்படி மெல்லுவது?

மார்ச் 8, சனி

இவர் கைபேசியில் தட்டிக் காட்டினார்: "அடுத்த சனிக்கிழமை நம்ம கல்யாண நாள். டேபிள் புக் பண்ணிட்டேன்."

எங்கே என்று பார்த்தால், தெப்பன்யாகி என்கிற ஜப்பானிய ஸ்டேக் கடை! நடுவில் பழுக்கக் காய்ந்த இரும்புத் தகடு, சுற்றி நாற்காலிகள். கண்முன்னே சமைத்து வித்தை காட்டுவார்களாம்.

கத்திவிட்டேன். "உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அங்க போயி அடுத்தவங்க வாயப் பாத்துக்கிட்டு உக்காரப் போறீங்களா?" பதில் பேச முடியாதவரிடம் கத்தினால் வெற்றி நமக்குத்தான். ஆனாலும் இவர் புக்கிங்கை ரத்து செய்யவில்லை.

மகளிடம் போனில் புலம்பினேன். "அப்பா ஆசப்படறாரு, போயிட்டுதான் வாயேம்மா" என்கிறாள். தூரத்தில் இருந்து சொல்ல அவளுக்கென்ன.

மார்ச் 12

தன்னைத்தானே வதைத்துக்கொள்ளத்தான் போகிறாரோ? கேட்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று போனோம்.

முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு ஒரே தகட்டைச் சுற்றி உட்கார வைத்தார்கள். உயரத் தொப்பி போட்ட சமையல்காரர் கரண்டிகளைத் தட்டித் தாளம் போட்டார். வெங்காய வளையங்களைக் கோபுரமாக அடுக்கி, எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். குப்பென்று தீ. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். இறைச்சி தகட்டில் விழுந்ததும் இவர் மூச்சை இழுத்து இழுத்து வாசனை பிடித்தார்.

அடுத்து, சமையல்காரர் முட்டைத் துண்டுகளைக் கரண்டியால் சுண்டி ஒவ்வொருவர் வாயிலும் எறிந்துகொண்டே வந்தார். இவர் முன்னால் வந்து நின்றார். "சார், வாயத் தொறங்க, நல்லா பெருசா!" எல்லோரும் கைதட்டுகிறார்கள். என் உயிரே போய்விட்டது. சொல்லியிருக்க வேண்டும், முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும்...

இவர் தலையை ஆட்டினார். முகம் வாடவேயில்லை. விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

முதல் துண்டு என் மூக்கில் பட்டு விழுந்தது. இரண்டாவது நேராக வாய்க்குள். இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை. ஆபரேஷனுக்குப் பிறகு இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஸ்டேக்கை வெட்டி என் தட்டில் வைத்தார்கள். நான் தொடவில்லை. இவர் கைபேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினார்:

"தினமும் ஃபேன் சத்தம் கேக்கும். நீ சாப்பிடறேன்னு தெரியும். அது நிக்கற வரைக்கும் தனியா உக்காந்திருப்பேன். சாப்பாடு போச்சு, சரி. கூட உக்கார ஆளும் போகணுமா? இங்க அடுப்பே மேஜையில இருக்கு. எங்க போயி ஒளிஞ்சுக்குவே?"

படுபாவி. எல்லாம் தெரிந்துகொண்டே இத்தனை நாள் வாயைத்... என்னத்தை எழுதுகிறேன் நான்.

அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டேன். சமையல்காரர் காரம் அதிகமோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். இவர் ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 28, வெள்ளி

டாக்டர் இன்று சொல்லிவிட்டார். விழுங்கும் பரிசோதனையில் தேறவில்லை. இனி வாய்வழியாகச் சாப்பிட முடியாது, குழாய்தான் கடைசிவரைக்கும். இவர் தலையாட்டினார். காரில் வரும்போது என் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் சமையலறைக் கதவைச் சாத்தினேன். முட்டையை உடைத்து ஊற்றினேன். கை ஃபேன் சுவிட்சுக்குப் போனது.

போடவில்லை. கதவைத் திறந்து, தட்டோடு வந்து இவர் எதிரே உட்கார்ந்தேன். குழாயில் இவருக்கான சாப்பாடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாய் வைத்தேன். புருவத்தை உயர்த்தினார்: எப்படி?

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

கைபேசியை எடுத்துத் தட்டினார்.

"எப்பவும் அப்படித்தானே."