மச்சான் பிடித்த கயிறு

வாலிநோக்கம்
12.10.1958

என் தங்கச்சி சபியாவக் கட்டுன புண்ணியவான், பெரியபட்டினம் சங்கு குளியாள் சங்கத் தலைவர் அப்துல் குத்தூசுக்கு, காதர் மைதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கிறது.

இங்கன உப்பளத்துல காவல் வேலை சொகமாப் போகுது. உப்ப யாரும் திருட வரல, அதனால நல்லாத் தூங்குறேன். நான் தூங்குனா ஒனக்குக் கோவம் வரும். ஆனாலும் சொல்லாம இருக்க முடியல.

நேத்து ஒங்க குளியாள் பாக்கர் பஸ் ஏறி வந்து அழாத கொறையாப் பேசுனான். சங்கு குளிக்கிறவனுக்கு இனிமே தோணியில இருந்து மச்சான் கயிறு பிடிக்கக் கூடாது, தலைவர் காட்டுற ஆள்தான் பிடிக்கணும்னு சட்டம் போட்டியாமே. ஏன் மச்சான், நம்ம பாட்டன் காலத்துலருந்து பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கையிலதான கயிறு. கீழ இருக்கவனுக்கு ஒண்ணு ஆயிட்டா தங்கச்சி கழுத்துக் கருகமணி போயிருமேன்னு அவன் கண்ணு அசர மாட்டான். அதுக்குத்தான அந்த ஏற்பாடு.

பதினோரு குளியாளும் கடலுக்குப் போக மாட்டோம்னு நிக்கிறாங்களாம். எல்லாரும் இங்கன உப்பு வார வந்துட்டா, நீ யாருக்குத் தலைவர்? ஒன் வீட்டுக் கோழிக்கா?

சபியாட்ட மாசிக் கருவாடு கேட்டேன்னு சொல்லு.

காதர் மைதீன்


பெரியபட்டினம்
18.10.1958

அன்புள்ள மச்சான் காதர் மைதீன் அவர்களுக்கு, ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாவரும் சுகம். நான் சொல்லச் சொல்லச் சங்க எழுத்தர் தங்கசாமி எழுதுகிறார். கோழியைப் பற்றிய வரியை அவரும் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

சட்டம் யோசித்துப் போட்டதுதான். முப்பத்தோரு வருடங்களுக்கு முன் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். ஏழு பாகம், நாற்பதடிக்கு மேல் ஆழத்தில் இருந்து மூன்று முறை கயிற்றைச் சுண்டினேன். மேலே இழுப்பாரில்லை. கயிறு உங்கள் கையில், நீங்கள் கண்ணயர்ந்திருந்தீர்கள். நானே காலை உதைத்து மேலே வந்தேன். அன்று முதல் எவர் கையையும் நம்பி நான் இருந்ததில்லை. தலைவராக உயர்ந்ததும் அதனால்தான். சங்கத்தின் மூன்று சாவிகளும் இன்றுவரை என் இடுப்பில்தான் இருக்கின்றன.

கமிட்டியில் என் மகன் சலாஹுதீன் எழுந்து, "வாப்பா, நீங்க யாரத்தான் நம்புவீக?" என்று எல்லார் முன்னும் கேட்டான். உட்காரச் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் சாப்பிட வருவதில்லை.

குளியாள்கள் போனால் போகட்டும். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி சீசன் தொடங்கும்போது நானே இறங்குவேன். கயிறு இல்லாமல் இறங்குவேன். எல்லாரும் பார்க்கட்டும்.

அ. அப்துல் குத்தூஸ்
தலைவர்
(சங்க முத்திரை)


வாலிநோக்கம்
22.10.1958

மச்சான்,

இதத் தங்கசாமிட்டக் குடுக்காத. கண்ணாடியப் போட்டு நீயே படி.

அறுபது வயசுல கயிறில்லாம இறங்கப் போறேங்குற. கேலி பண்ணலாம்னுதான் பேனாவ எடுத்தேன். வரல.

அன்னைக்கு நான் தூங்கல. நீ மூணு தடவ சுண்டல, ஒரு தடவதான். அதுவும் ஏதோ மீனு இடிச்ச மாதிரி. நான் இழுத்தேன், நீ கனத்த. ஒன் கால், ஆழத்துக்கு இறங்கக் கட்டுற கல்லுக் கயித்துல மாட்டியிருந்துச்சு. கல்லோட சேத்துத்தான் இழுத்தேன். தோணியில போட்டப்ப மூக்குல ரத்தம், மூச்சுப் பேச்சு இல்ல. கவுத்துப் போட்டு முதுகுல அடிச்சேன். முழிச்சதும் நீ கேட்ட மொதக் கேள்வி, "தூங்கிட்டீகளா மச்சான், நானாத்தான வந்தேன்?"

கூட இருந்த ரெண்டு பேரு வாயத் தொறந்தாங்க. நான்தான் கண்ணக் காட்டி நிப்பாட்டுனேன். ஒருத்தர் மௌத்தாயிட்டாரு, ஒருத்தர் கொழும்புல கெடக்காரு. ஏன் நிப்பாட்டுனேன்னா, கீழ மயங்கிக் கெடந்தோம்னு தெரிஞ்சா நீ திரும்ப இறங்க மாட்ட. சபியாவுக்கு அப்ப ஏழு மாசம். ஒனக்கு வேற என்ன வேலை தெரியும்? நானாத்தான் வந்தேன்னு நெனச்சதால மறுவாரமே இறங்கிட்ட. ஊரு என்னைய தூங்குமூஞ்சி மச்சான்னுச்சு. நானும் சேந்து சிரிச்சுக்கிட்டேன். அதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகல.

ஆனா அந்த ஒரு நாள வச்சே நீ ஊரை நடத்துவன்னு நான் நெனைக்கல. தப்பு எம்மேலதான். பொய்ய ஒனக்கு ஊட்டுனவன் நான். இப்ப அது பதினோரு வீட்டுச் சோத்துல கை வைக்கிது.

என் வலது கையில கயிறு அறுத்த தழும்பு இருக்கு. மஞ்சள் அரைச்சுக் கட்டுனது சபியாதான். கேட்டுப் பாரு.

காதர் மைதீன்


பெரியபட்டினம்
28.10.1958

மச்சானுக்கு ஸலாம்.

என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. மூன்று முறை சுண்டினேன். நானேதான் மேலே வந்தேன். எனக்குத் தெரியாதா.

சபியாவிடம் கேட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாக்கும்" என்றாள். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை எனக்கு.

சட்டத்தை எடுத்துவிட்டேன். பழைய வழக்கமே நல்லது என்று நானே யோசித்து முடிவு செய்ததாகக் கமிட்டியில் சொன்னேன். பாக்கர் கை தட்டினான். சாவி ஒன்றைச் சலாஹுதீனிடம் கொடுத்தேன். இடுப்பு ஒரு பக்கம் காலியாக, என்னவோ போல் இருக்கிறது.

ஐந்தாம் தேதி இறங்குவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், மாற்ற முடியாது. கரையோரம், மூன்று பாகம்தான். கயிற்றோடுதான் இறங்குகிறேன். பிடிக்க இன்னும் ஆள் குறிக்கவில்லை.

மாசி கட்டி வைத்திருக்கிறாள். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குத்தூஸ்


வாலிநோக்கம்
31.10.1958

மச்சான்,

காகிதம் கெடச்சுச்சு. நீ சொல்றதுதான் சரி. அன்னைக்கு நான் தூங்கித்தான் போனேன். வயசாயிருச்சுல்ல, கதைய மாத்தி எழுதிட்டேன். முத்திரை இல்லாத காகிதத்துக்கு எம்புட்டு அழகு பாரு, எழுத்துதான் நண்டு ஓடுன மாதிரி இருக்கு.

உப்பளத்துக்கு வேற ஆள் சொல்லியாச்சு. நாலாந்தேதி சாயங்கால பஸ்ல வாரேன். சபியாட்டச் சொல்லு, எனக்குச் சேத்து உலை வைக்கட்டும். சலாஹுதீனையும் சாப்பிடக் கூப்பிடு.

கீழ போனதும் மூணு தடவ சுண்டணும்னு இல்ல. ஒரு தடவ லேசாச் சுண்டு, போதும்.

காதர் மைதீன்