பெல்ட்டின் பின்பக்கம்

பிப்ரவரி 3, திங்கள்
கேளம்பாக்கத்தில் நெரிசல். நாவலூர் கம்பெனிப் பிள்ளைகளைத் தாமதமாகத்தான் இறக்கிவிட முடிந்தது. வேன் ஓட்டுகிறவனே சாலையையும் போட்டான் என்பதுபோல ஒருத்தி பார்த்துவிட்டு இறங்கினாள்.

வீட்டில் மனைவி சியாமளா பேசவில்லை. சனிக்கிழமையிலிருந்து இப்படித்தான். மார்ச்சில் செங்கல்பட்டில் எடை தூக்கும் போட்டி. பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். போனால் என்னோடு பேசாதே என்றேன். அன்றைக்கே நிறுத்திவிட்டாள். போட்டிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. போய்விட்டு வந்து நிறுத்தக் கூடாதா?

பிப்ரவரி 6
ரசம் நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு
ஜெனிஃபர் வந்திருந்தாள். சதுரங்கப்பட்டினத்துப் பெண், திருப்போரூரில் ஜிம் நடத்துகிறாள். என் மனைவியை நாற்பத்தெட்டு வயதில் இரும்பைத் தூக்க வைத்தவள் இவள்தான். நான் ஹாலில் இருந்தேன், அவர்கள் சமையலறையில் பேசினார்கள். இடுப்பில் கட்டும் தோல் பெல்ட் பற்றித்தான் பேச்சு. கடையில் விற்பதெல்லாம் நெட்டையான ஆண்களுக்குச் செய்தது. இவள் உயரத்துக்கு அது விலாவில் இடிக்கிறது. அகலம் குறைவாக ஒன்றைத் தானே தைத்துக்கொள்வதாகச் சியாமளா சொல்கிறாள். ஊருக்கெல்லாம் பிளவுஸ் தைக்கிறவள். நடக்கட்டும்.

போகும்போது, போட்டிக்கு வருவீர்கள்தானே அங்கிள் என்று ஜெனிஃபர் என்னைக் கேட்டாள். அன்றைக்கு வேன் இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை வேன் கிடையாது என்பது தெருநாய்க்குக்கூடத் தெரியும்.

பிப்ரவரி 11
டீக்கடையில் வெங்கடேசன் பிடித்துக்கொண்டான். "இன்னாப்பா, வூட்ல குண்டு தூக்குறாங்களாமே?" நான் டீயைக் குடித்தேன். எனக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டான். நினைக்கட்டும், வசதியாகத்தான் இருக்கிறது.

வெட்கம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். பிறகு இன்னொரு டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாம் ஆறிவிட்டது, எதை வேண்டுமானாலும் தூக்கலாம் என்றார். அவள் இரண்டாவது டாக்டரோடு போய்விட்டாள். நான் முதல் டாக்டரிடமே நின்றுவிட்டேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது வந்த பயம் இன்னும் என்னை விடவில்லை. அவளிடம் சொன்னதோ, ஊர் சிரிக்கும் என்று.

பிப்ரவரி 15
பல்லாவரத்திலிருந்து தோல் வாங்கி வந்திருக்கிறாள். இரண்டு பட்டைகளைப் பசை தடவி ஒட்டி, மேலே அரிசிச் சிப்பத்தை ஏற்றி வைத்தாள். நான் டிவியைப் பார்த்தேன். என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 18
தையல் மெஷின் ஊசி உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது. இனி கையால்தான். துளை விழ வேண்டிய இடங்களை டிரேசிங் வீலை உருட்டிக் குறித்துக்கொண்டாள். அடியில் பலகை, கையில் குத்தூசி, சுத்தியல். டொக், டொக், டொக். ஒரு துளை விழுந்து குத்தூசியைத் திருகிப் பிடுங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

பிப்ரவரி 20
தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். பக்கிள் மாட்டும் இடத்தில் தோலை மடித்திருக்கிறாள், இரண்டு அடுக்கு நாலாகிவிட்டது. முன்பக்கம் துளைகள் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. திருப்பினால் ரேஷன் கடைக் கூட்டம். மேலே குத்தூசி கொஞ்சம் சாய்ந்தால் போதும், நாலு அடுக்கையும் தாண்டுவதற்குள் துளை எங்கேயோ போய்விடுகிறது. ஒன்று ஓரத்தையே கிழித்துவிட்டது.

அந்தப் பக்கிளைப் பிடித்திருக்கப் போவது இந்தத் தையல்தான். எடையோடு நிக்கறப்ப பிச்சுக்கினு வந்தா? அப்ப இன்னாடா பண்ணுவ, உலகநாதா? டிவி பாப்பியா?

பிப்ரவரி 22, சனி
ஓரம் கிழிந்த முனையை வெட்டிவிட்டு, புதிதாக மடித்து ஆரம்பித்தாள். நல்லவேளை, பட்டை நீளமாக இருந்தது. நான் பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குத்தூசி அவளை நோக்கிச் சாய்கிறது, அவளுக்கு அது நேராகத் தெரிகிறது. எத்தனை கவனமாகக் குத்தினாலும் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அவளால் அதைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருக்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் சுத்தியலை ஓங்கினாள்.

"சாயுது," என்றேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. "எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்."

நிமிர்த்தினாள். போதும் என்றேன். அடித்தாள்.

பிப்ரவரி 26
சாயுது. கொஞ்சம். ஆங். அடி. இதுதான் தினமும். இது பேச்சில் சேருமா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பின்பக்கம் வரிசைக்கு வந்துவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு
குத்தூசி தோலில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். வந்தபாடில்லை. இழுத்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"பயமா கீது, சியாமளா. ஊராவது ஒண்ணாவது. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்."

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"எனக்கும்தான் மொதல்ல பயமா இருந்துச்சு. நீ ஊரு, ஊருன்னு சொல்லிக்கினு இருந்த. இத்த சொல்லியிருந்தா நான் இன்னாத்துக்குப் பேசாம இருக்கப் போறேன்?"

பிறகு குத்தூசியை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். அடுத்த துளையைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன்.

மார்ச் 9
பெல்ட் முடிந்தது. ஜெனிஃபர் கனத்தை அளந்து பார்த்துவிட்டு, விதிக்குள் இருக்கிறது என்றாள். சாப்பிடும்போது குழம்பில் உப்பு அதிகம் என்றேன். வேண்டுமென்றால் நீயே சமை என்றாள். வீடு பழையபடி இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு
செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் இரும்புக் குண்டுகள். இன்றைக்கு வேன் இல்லையா என்று ஜெனிஃபர் கேட்டாள். பழுது என்றேன்.

சியாமளா கடைசியாகத் தூக்க வேண்டியது தொண்ணூறு கிலோ. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைதட்டல் கேட்டுத் திறந்தால் குண்டு தரையில் கிடக்கிறது, அவள் கூட்டத்தில் என்னைத் தேடுகிறாள்.

பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அவள் போன பிறகு ஜெனிஃபரிடம் வீடியோவை அனுப்பச் சொன்னேன்.

மூன்றாவது இடம். அவள் பிரிவில் தூக்கியவர்கள் மூன்று பேர். வெங்கடேசனிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

மார்ச் 17
பிள்ளைகள் ஏறுவதற்கு முன் வேனில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தேன். தையல் அசையவில்லை. அவள் கால் நடுங்குகிறது, முகம் சிவந்து போகிறது, ஆனாலும் நிமிர்ந்து நிற்கிறாள். அழுதுவிட்டேன். கண்ணில் தூசி என்று முதலில் ஏறிய பெண்ணிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவே இல்லை.

மார்ச் 24
சிலிண்டர்காரர் மாடி ஏற முடியாது என்று கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன். சியாமளா வந்து நகரச் சொன்னாள்.

நகர்ந்தேன். அவள் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். நான் முன்னால் ஓடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.