சந்தனம் வைத்த கார்டு

நேற்று என் மகள் புது கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி வந்தாள். கல்லூரிக்கு ஏதோ அசையும் படம் செய்கிறாளாம், பழையது இழுக்கவில்லையாம். பெட்டியைப் பிரித்ததும் அந்தப் புது வாசனை வந்தது. செங்கல் கனத்துக்கு இருந்த கார்டைக் கையில் வாங்கி நான் முதலில் பார்த்தது அதன் அடி விளிம்பில், கம்ப்யூட்டரில் செருகும் தங்கப் பற்களைத்தான். சுத்தமாக இருந்தன. "என்னம்மா தேடுற அதுல?" என்றாள். தோழி, நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. நான் எதைத் தேடினேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் அச்சுகளுக்கு வரைபடம் போடும் அந்தச் சின்ன அலுவலகம் உனக்கு மறந்திருக்காது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏழு பேர், நான்கு கம்ப்யூட்டர். பெரிய வரைபடத்தில் ஒரு மூலையைப் பெரிதாக்கினால் திரை முழுவதும் அழிந்து, கோடு கோடாக மறுபடி வரும். அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். டிஸ்ப்ளே கார்டை மாற்றலாம் என்று முதலாளி முடிவு செய்ததும், பெங்களூர் வியாபாரி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டு கார்டுகளைக் கொடுத்தனுப்பினார். ஒன்றில் நாலு எம்.பி. நினைவகம், பெட்டியில் பந்தயக் கார் படம். இன்னொன்றில் இரண்டு எம்.பி.தான், வெறும் வெள்ளை அட்டைப் பெட்டி.

"நாலு பெருசா ரெண்டு பெருசா? இதுக்கு எதுக்கும்மா டெஸ்ட்டு?" என்றார் முதலாளி.

"பெட்டில எழுதினது பெட்டியோட சரி சார். நம்ம டிராயிங்க போட்டுப் பாத்துட்டு சொல்றன்" என்றாய் நீ.

பட்டறையில் ஆட்களின் வேலை நேரத்தை அளப்பவரிடம் ஸ்டாப்வாட்ச் இரவல் வாங்கினாய். நம்மிடம் இருந்ததிலேயே பெரிய வரைபடம், ஒரே கம்ப்யூட்டர், ஒரே திரை. நீ பட்டனைத் தட்டுவாய், நான் வாட்சை அழுத்துவேன். பிந்திவிடுமோ என்ற பயத்தில் நான் படம் முடிவதற்கு முன்பே அழுத்திவிடுவேன். "பயந்தாங்கொள்ளி, படம் முடியட்டும்டி" என்று வாட்சைப் பிடுங்கிக்கொண்டாய். முதல் நாள் பந்தயக் கார்தான் ஜெயித்தது. சாயங்காலம்தான் கவனித்தாய், அது பதினாறு நிறத்தில் ஓடியிருக்கிறது, மற்றது இருநூற்று ஐம்பத்தாறில். போட்ட அட்டவணையைக் கிழித்துவிட்டு, இரண்டையும் ஒரே நிறக் கணக்குக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தாய். வெள்ளைப் பெட்டி ஏறக்குறைய பாதி நேரத்தில் படத்தை முடித்தது. நினைவகம் கூடினால் நிறம் கூடும், கோட்டை வேகமாகப் போடுவது கார்டிலுள்ள சிப்பின் வேலை என்று எனக்கு விளக்கினாய். "நமக்கு வேண்டியது கோடு. கலர வெச்சு இன்னா பண்றது?"

முதலாளி அரைமனதாக, விடுமுறை முடிந்ததும் என் முன்னால் ஓட்டிக் காட்டு என்றார். நடுவில் ஆயுத பூஜை வந்தது.

பூஜை வேலை என்னுடையது. கம்ப்யூட்டர், வரைபடம் அச்சிடும் பிளாட்டர், அளவுகோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இரண்டு கார்டுகளையும் தட்டில் எடுத்து சாமி படத்தின் முன் வைத்து அவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் கூடிவிட்டது போல. தீபாராதனை நடக்கும்போது பார்க்கிறேன், வெள்ளைப் பெட்டிக் கார்டில் சந்தனம் வழிந்து தங்கப் பற்கள் வரைக்கும் இறங்கியிருக்கிறது. எடுத்துத் துடைத்திருக்கலாம். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் வரை கலைக்கக் கூடாதே. அதற்கும் பயம், இதற்கும் பயம். குங்குமத் தட்டு வந்தபோது எப்போதும் போல் நீ ஓர் அடி ஒதுங்கி நின்றாய். எல்லாரும் சிரித்தபடி உன் கையில் பொரியும் கடலையும் கொட்டினார்கள்.

அந்த இரண்டு நாளும் மத்திகிரியில் நம் வாடகை அறையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தற்காலிகம். அடுத்த வாரம் நிரந்தர ஆணை வர வேண்டும். வராவிட்டால் சொந்த ஊர் நாகரசம்பட்டிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். தை மாதத்துக்கு அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். உன்னிடம் சொல்ல நூறு முறை வாயெடுத்தேன். வேலை திறக்கும் நாளில் முதல் ஆளாகப் போய்த் துடைத்துவிடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அன்றைக்கென்று டவுன் பஸ் வரவில்லை. நாம் போய்ச் சேர்ந்தபோது முதலாளியே கார்டை மாட்டி உட்கார்ந்திருந்தார்.

திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். வரைபடம் துண்டு துண்டாகக் கிடந்தது. "இதுதான் நல்ல கார்டுன்னு எழுதிக் கொடுத்தியா?" என்றார். அந்த அட்டவணையை நம்பித்தான் முப்பரிமாண வேலை பழக உன்னைப் பெங்களூருக்கு அனுப்புவதாக இருந்தார். நீ மின்சாரத்தை அணைத்து கார்டைக் கழற்றினாய். வெளிச்சத்தில் பிடித்தாய். பற்களில் காய்ந்த மஞ்சள். பென்சில் ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தாய், ஊதினாய், மாட்டினாய். படம் சரசரவென்று வந்து நின்றது. ஆனால் அவர் பார்வை மேசையில் உதிர்ந்த மஞ்சள் தூளில் இருந்தது. கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

"யாரு மாடித்து, யாரு பண்ணது இது? கார்டு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் உன்னைப் பார்த்தேன்.

"நான்தான் சார் வெச்சேன்" என்றாய் நீ.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு அஜாக்கிரதையா இருந்தா பெங்களூருக்கு எப்படி அனுப்பறது?" என்று எழுந்து போனார். வெள்ளைப் பெட்டிக் கார்டுகளையே வாங்கினார். பெங்களூருக்கு வேறு ஆள் போனார். எனக்கு நிரந்தர ஆணை வந்தது. நீ இன்னும் நான்கு வருடம் அதே மேசையில் கோடு போட்டாய்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "உனக்குப் பேச்சு வரல. எனக்கு வந்துச்சு. அவ்ளோதான்." அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நீ பேசவில்லை, நான் பேச விடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் உன்னை இறக்கிய அன்று முதலாளியும் வந்திருந்தார், கைத்தடியோடு. "கார்டுக்குச் சந்தனம் வெச்ச பொண்ணு" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். உன் சவப்பெட்டிமேல் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

நேற்று இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக, முழுவதும். அவள் கார்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அந்த ஆன்ட்டி சர்ச்சுக்குப் போறவங்கதானே? அவங்க எப்படிம்மா பூஜையில சந்தனம் வெச்சிருப்பாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருடா வருடம் நீ கொண்டு வந்த கிறிஸ்துமஸ் கேக்கை முதலில் கேட்டு வாங்கித் தின்பவர் முதலாளி. குங்குமத் தட்டுக்கு நீ ஒதுங்கியதை அத்தனை பேரும் பார்த்தவர்கள். யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் இத்தனை வருடம் பயந்து மூடி வைத்தது, அந்த நிமிடமே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் நான் வாய் திறப்பேன் என்றுதான்; திறக்கவில்லை, நீ ஏற்ற பழி உன்மேலேயே நின்றுவிட்டது. நான் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இன்று காலை அவருக்குப் போன் செய்தேன். நீ பற்களைத் தேய்த்த அன்று உன் மேசையிலிருந்து எடுத்து வந்த ரப்பர் கையில் இருந்தது. ஒரு பக்கம் இன்னும் மஞ்சள். "சார், அந்தச் சந்தனம்..." என்றேன்.

"கொத்தம்மா, தெரியும்" என்றார் கன்னடமும் தமிழுமாக. பிறகு, "பரவால்ல, நீ சொல்லு. கேக்கறன்" என்றார்.

"நான்தான் சார் வெச்சேன்."

எனக்கும் பேச்சு வந்துவிட்டது. கேட்க நீதான் இல்லை.