நாம் வாங்காத காப்புரிமை

இன்று காலை பழவேற்காடு மார்க்கெட்டில், படகு இன்ஜின் சாமான் விற்கும் கடையில் ஒரு மஞ்சள் பெட்டியைப் பார்த்தேன். குட்டை ஆன்டெனா, சின்னத் திரை. ஏதோ வெளிமாநிலக் கம்பெனி செய்தது. அட்டையைத் திருப்பினால், ‘படகு அலையின் உச்சிக்கு ஏறும்போது செய்தியை அனுப்பும்’ என்று போட்டிருந்தது. உன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. “நல்லா போவுதும்மா இது” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்தும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொன்னேரியில் ஒன்றாகப் படித்து முடித்து, டச்சுக் கல்லறைக்கு எதிர்ச் சந்தில் நாம் ஒர்க்‌ஷாப் போட்டிருந்த சமயம் அது. செல்போன் டவர் எட்டாத கடலிலிருந்து படகுக்குப் படகு செய்தியைக் கடத்திக் கரை சேர்க்கும் வயர்லெஸ் பெட்டி செய்ய முயன்றோம். ஒர்க்‌ஷாப்பில் ஒழுங்காக வேலை செய்த பெட்டி, கடலில் பாதிச் செய்தியைத் தொலைத்தது.

ஆரம்பாக்கத்துப் பக்கம் நெல் போடுகிற வீட்டுப் பிள்ளை நீ. அதுவரை கடல் ஏறியதில்லை. என் நைனாவின் படகில் முகத்துவாரம் தாண்டியதுமே வாந்தி எடுக்க ஆரம்பித்தாய். “இன்னாபா, திரும்பிடலாமா?” என்று நைனா கேட்டார். நீயோ மீட்டரையே பார்த்தபடி, “மேல ஏறும்போது பாரு! மேல ஏறும்போது மட்டும் சிக்னல் எகிறுது!” என்று கத்திவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாய். கண்டுபிடிப்பு அவ்வளவுதான். அலைப் பள்ளத்தில் பெட்டி காத்திருக்க வேண்டும், உச்சியில் அனுப்ப வேண்டும்.

முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பிப்போம், அதுவரை வெளியே சொல்லாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். மாசி மகத்தன்று கடற்கரையில் கூட்டத்தைப் பார்த்ததும் உனக்கு வாய் நிற்கவில்லை. விழாக் கமிட்டி மைக்கை வாங்கிப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று ஒன்று விடாமல் விளக்கினாய். யாரோ செல்போனில் வீடியோவும் பிடித்தார்கள். கொஞ்ச நாள் நான் உன்னோடு பேசவே இல்லை.

பிறகுதான் சென்னைக் கம்பெனி கூட்டுக்கு வந்தது. நம் தொழில்நுட்பம், அவர்கள் தயாரிப்பு. ஆரம்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்புக் காற்றைத் தாங்கும் உறையை அவர்கள்தான் செய்தார்கள். குப்பத்துப் படகுகளில் பெட்டி ஏறியது. ஒப்பந்தம் முடிந்த பின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த முறை அவர்களுடையதாம், காப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்றாம், இனி அவர்களைக் கேட்காமல் யாரும் அதைச் செய்யவோ பழுது பார்க்கவோ படகில் வைத்திருக்கவோ கூடாதாம். கண்டுபிடித்தவர்கள் என்று நாம் கேள்விப்படாத இரண்டு பேர். படகுக்காரர்கள் பயந்துபோய்ப் பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். நைனாவும்தான். “நமக்கு எதுக்குமா வம்பு?” என்றார்.

அதற்குள் உன் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்குச் சென்னை போய்வந்துகொண்டிருந்தாய். நம் வக்கீல் மேடம் இரண்டு வழி சொன்னார். “இது உங்ககிட்டேருந்து எடுத்ததுன்னு வாதாடலாம். ஜெயிச்சா உங்க பேருக்கே வர வழியிருக்கு. இல்லன்னா, விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடியே ஊரறிஞ்ச விஷயம்னு சொல்லலாம். ஆனா அப்படிச் சொன்னா யாருக்குமே கிடைக்காது. உங்களுக்கும் சேர்த்துத்தான்.”

நான் முதல் வழியைப் பிடித்துக்கொண்டேன். காப்புரிமை வந்தால் அந்தப் பணத்தில் உன் மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழி பிறக்கும் என்பதுதான் என் கணக்கு. பொன்னேரி ஸ்டேஷன் பெஞ்சில் நாம் போட்ட சண்டையை ரயிலுக்கு நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

“உன்னோடதுடா அது. இன்னாத்துக்கு விட்டுக்குடுக்கற?”

“நம்மளோடதுன்னு நிரூபிக்க வருஷக்கணக்கா ஆவும். எல்லாரோடதுன்னு நிரூபிக்க ஊர்ல நாலு பேரு வந்து சொன்னா போதும். அதுவரைக்கும் படகுங்க பெட்டி இல்லாம போவணுமா?”

“அப்போ நீ?”

“எனக்கு அவ்ளோ டைம் இல்லடி.”

ரயில் வந்தது, ஏறினோம்.

நீ மைக்கில் உளறிய வீடியோதான் கடைசியில் நம் முக்கிய ஆதாரம். நைனாவும் குப்பத்தில் இன்னும் சிலரும் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். கம்பெனி வக்கீல் விடாமல் வாதாடியும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. போனில் சொன்னபோது நீ டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாய். “நைனாவ பெட்டிய மாட்டச் சொல்லு” என்றாய்.

அடுத்த மழைக்காலம் வருமுன் நீ போய்விட்டாய். அந்த ஐப்பசியில் இன்ஜின் நின்று தத்தளித்த ஒரு படகின் செய்தி, நடுவிலிருந்த படகுகளைத் தாண்டிக் கரைக்கு வந்தது. அதில் போனவர்கள் எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நீ செய்தது முழுக்கச் சரி என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. நீயும் பிழைத்து, படகும் பிழைக்க ஒரு வழி இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். போன வாரம், புதிதாகச் செய்த ஒரு சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு அதே வக்கீல் மேடத்திடம் போனேன். விண்ணப்பிப்பதா, எல்லோரும் பார்க்க வெளியிடுவதா என்று கேட்டார். விண்ணப்பிக்க வேண்டிய காரணங்களை அடுக்கினேன். அடுக்கி முடித்ததும், வெளியிடுவதற்கான காரணங்களையும் நானே, உன் வேகத்தில், உன் வார்த்தைகளில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “முடிவா என்னதாம்மா சொல்றீங்க?”

“இன்னும் நாங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கல, மேடம்” என்றேன்.